மினி-டிவி (MiniDV) கேசட்டா, டிஜிட்டல்8 கேசட்டா?

கரோசல் என்ற இணையச் சந்தையில் பழைய கேம்கார்டர் தேடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டும் ஒரே முறையில், நொடிக்கு 25 மெகாபிட் அளவில் பதிகின்றன. வித்தியாசம் தெரிந்தால் அது லென்ஸ், சென்சார் போன்றவற்றின் வேலை.

செலவு: 1999இல் வந்த சோனியின் டிஜிட்டல்8, மலிவாகக் கிடைத்த ஹை8 (8 மில்லிமீட்டர் நாடா வகை) கேசட்டிலேயே பதிந்தது. இன்று கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. அந்த லாபத்தை நம்ப வேண்டாம்.

நேரம்: மினி-டிவியில் சாதாரணமாக 60 நிமிடம். நம் சிங்கப்பூரின் பழைய தொலைக்காட்சி முறையான பாலில் (PAL), 90 நிமிட ஹை8 கேசட்டும் டிஜிட்டல்8இல் ஏறக்குறைய அவ்வளவுதான் ஓடும்.

உழைப்பு: டிஜிட்டல்8 நாடாவில் பதியும் தடங்கள் அகலமானவை, சிறு பழுதைத் தாங்கும். மினி-டிவியில் எல்பி (நாடா மெதுவாக ஓடும்) வேகத்தில் பதிந்தால் 90 நிமிடம் வரும், ஆனால் வேறு கருவியில் ஓடாமல் படுத்தலாம். ஈரப்பதம் இரண்டுக்கும் எமன், உலர்பெட்டி வாங்கிவிடுங்கள்.

சுமை: மினி-டிவி கைக்கு அடக்கம், மாடல்களும் ஏராளம்.

சரி, வீட்டில் என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் எடுத்த கல்யாணம் 8 மில்லிமீட்டர் கேசட்டில் கிடக்கிறதா? அப்படியானால் டிஜிட்டல்8தான். பல மாடல்கள் அதை ஓட்டி, ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியாக டிஜிட்டலாகவே கணினிக்குத் தரும். எல்லா மாடலும் ஓட்டாது, விற்பவரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், புதிதாகப் படம் பிடிக்க மட்டும் என்றால் மினி-டிவி போதும்.