ஐஸ் பெட்டி வாங்கும் ஊர்ச் சங்கங்கள் கவனிக்க

துக்க வீடுகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக எங்கள் ஊர் நலச் சங்கம் கடந்த சித்திரையில் ஓர் ஐஸ் பெட்டி வாங்கியது. வீடு வீடாக வசூலித்த 82,000 ரூபாயை, ஒரு பகுதியைக்கூட நிறுத்தி வைக்காமல், முன்பணமாகவே செலுத்திவிட்டோம்.

பெட்டி வந்தபோது இரவு எட்டு மணி. சிறிய சரக்கு வண்டியில் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கொண்டுவந்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும் என்பதால், நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். வந்தவரோ இறக்கிய கையோடு சுவிட்சைப் போட்டார். கால் மணி நேரத்தில் திரை 3 டிகிரி காட்டியது. ‘பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அச்சடித்த சலானை அவர் நீட்ட, செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன்.

பதினைந்து நாளில் தெற்குத் தெருவில் ஒரு மூதாட்டி தவறிவிட்டார். மகள் துபாயிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள் மாலைதான் எடுப்பதாக இருந்தது. நள்ளிரவுக்குள் மூடிக் கண்ணாடி வேர்த்து முகம் மறைந்துவிட்டது. பேத்தி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், ஈரம் உட்புறமும் இருந்தது. திரை அப்போதும் 4 என்றே காட்டியது. பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பெட்டியின் நடுவில் வெப்பமானியை வைத்தபோது 15 டிகிரி. உணர்கருவியைக் குளிரூட்டும் குழாயின் மேலேயே கட்டியிருந்ததால், திரை குழாயின் குளிரைக் காட்டியதே தவிர, உடல் கிடக்கும் இடத்தின் குளிரைக் காட்டவில்லை. மூடியின் ஒரு மூலையில் ரப்பர் பட்டை ஒட்டாமல் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு வாடகைப் பெட்டி வரவழைத்து உடலை மாற்றினோம். அந்த வீட்டார் முகத்தை இன்றுவரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பில்லில் 304 தர எவர்சில்வர் என்றிருந்தும், மூட்டுகளில் ஒரே மாதத்தில் துரு ஏறியது. காந்தம் ஒட்டாததைக் காட்டி அசல் என்று நம்ப வைத்திருந்தார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் இரும்புக் கடைகளில் கிடைக்கிறது.

விற்றவர் என் கையெழுத்தைக் காட்டியே கையை விரிக்கிறார். ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 41-ஆம் பிரிவில், முன்பு பார்த்திராத பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. நியாயமான காலம் கடந்தும், வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்திருந்தால் 42-ஆம் பிரிவு நமக்கு எதிராகத் திரும்பும். ஆகவே குறை தெரிந்த அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சலானில் ‘சோதனைக்கு உட்பட்டு’ என்று உங்கள் கையால் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். தண்ணீர் நிரப்பிய குடங்களை உள்ளே வைத்து, உங்கள் சொந்த வெப்பமானியுடன் ஓர் இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்து, 2 முதல் 4 டிகிரிக்குள் நின்ற பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுத்திருக்கிறோம். அதற்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. பெட்டியைச் சாட்சியாக அப்படியே பூட்டி வைத்திருக்கிறோம்.