எந்த நேற்று, அம்மா?

புதுச்சேரி காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில், புத்தகம் தயாரித்துக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. பத்துப் பிரதி கேட்டாலும் அச்சிட்டுத் தருவார்கள். நான் நூறு பிரதி போட்டேன். கடையின் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று முதலாளியே கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலையை முடிக்கவே ஆள் இல்லையாம். கீழே நான் சொல்லப்போகும் குறைகளைப் படித்தால், அப்படிக் கேட்டுக்கொண்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைப்பார்.

நான் என்ன கொண்டுபோனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஆல்பேட்டைக்குப் போகும் பக்கம். ஓய்வுக்குப் பிறகு எட்டு வருடமாக இணையத்தில் எழுதிவருகிறேன். கடலூர்த் தெருக்கள், தபால் நிலையக் கவுண்டருக்கு வந்த மனிதர்கள், என் நாத்தனார், மழை, மீண்டும் நாத்தனார். அவற்றில் 43 பதிவுகளைப் பொறுக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எழுதி முடித்ததுதானே, அச்சடித்துத் தைத்தால் புத்தகம், பதினைந்து நாள் வேலை என்பது என் கணக்கு. நான்கு மாதம் ஆயிற்று. அதில் ஒன்றரை மாதம் கடையின் குற்றம். மீதி என்னுடையது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: டெமி அளவில் 176 பக்கம், அதாவது பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் பதினொன்று. பக்க வடிவமைப்புக்குப் பக்கம் ஒன்றுக்கு 40 ரூபாய், மெய்ப்பு பார்க்க, அதாவது அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்த, 15, அட்டை வடிவமைப்பு 2,500, அச்சும் கட்டும் பிரதிக்கு 118. மொத்தம் 23,980 ரூபாய். தாள் 70 ஜிஎஸ்எம், லேசான மஞ்சள் சாயல் கொண்டது, கண்ணுக்கு இதம். கட்டு உறுதியாக இருக்கிறது. என் பேரன் ஒரு பிரதியை முதுகு முறியும்வரை விரித்துப் பார்த்தும் தாள் கழன்று வரவில்லை. அட்டையில் நான் கேட்டது கெடிலம் ஆற்றுப் பாலம். அவர்கள் போட்டது ஏதோ ஒரு பாலம். சண்டை போட்டு மாற்றினேன்.

முதல் மெய்ப்பைப் பார்த்தபோது தலை சுற்றியது. இவர்கள் இன்னும் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டுகிறார்கள். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. கைப்பேசியிலும் இணையத்திலும் இன்று நாம் எழுதும் யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆகவே கைப்பேசியில் நான் தட்டியதை எல்லாம் பாமினி வகைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது மேற்கோள் குறிகள் காணாமல் போயின. ‘ஸ்ரீ’ வந்த இடமெல்லாம் வெறும் கட்டம். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதால், ஆங்கில எழுத்தில் நான் அடித்திருந்த ஏடிஎம் என்ற சொல், ‘யுவுஆ’ என்று அச்சாகியிருந்தது. ஓய்வூதியம் எடுக்க யுவுஆ வாசலில் நின்றேன் என்று என் புத்தகமே என்னைப் பார்த்துச் சொன்னது. இதைச் சரிசெய்யத்தான் அந்த ஒன்றரை மாதம். யூனிகோடு தமிழை அப்படியே ஏற்கும் மென்பொருள்கள் வந்து எவ்வளவோ காலமாகிறது. கணினியில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கேட்டால், முதலாளியைக் கேளுங்கள் என்றான். முதலாளியைக் கேட்டால், பையனுக்கு இதுதான் பழக்கம் என்றார்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கடைக்குப் போகலாம் என்று நான் சொல்வது ஒரே ஒருவருக்காக. அங்கே மெய்ப்பு பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். ஒரு ஃபாரத்தைப் பாதி கோத்திருக்கும்போது பெட்டியில் ‘லை’ தீர்ந்துவிட்டால், கோத்ததை அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடும்வரை அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டுமாம். “வேண்டாத சொல் எது என்று எழுதினவருக்கு முன்னால் எங்கள் கைக்குத் தெரியும்” என்றார். சிவப்பு மைப் பேனாவும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் அவர் மேசையில் இருந்தன.

என் முதல் பதிவின் முதல் வரியில் ‘நேற்று பெய்த மழையில்’ என்று இருந்தது. அவர் வட்டமிட்டுக் கேட்டார்.

“எந்த நேற்று, அம்மா?”

“மேலேயே தேதி இருக்குமே, ஐயா.”

“எதற்கு மேலே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைப்பேசித் திரையில் தேதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நான் எழுதியதே இல்லை. 43 பதிவுகளில் 27 இடத்தில் ‘நேற்று’ வட்டமிடப்பட்டிருந்தது. ‘படத்தைப் பாருங்கள்’ என்று பதினான்கு இடம். படம் நான்குதான் கொடுத்திருந்தேன். ‘இங்கே சொடுக்கவும்’ என்பது ஒன்பது இடம். அந்தப் பக்கத்தைப் பெரியவர் என் முன்னால் வைத்து, நகத்தால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். “எங்கும் போகவில்லையே” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பிறகு நாத்தனார் விவகாரம். என் நாத்தனார் வரும் பதிவு பதினொன்று. பதினொன்றிலும், ‘நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டார்’ என்று அவரை நான் அறிமுகம் செய்திருக்கிறேன். அன்றுதான் புதிதாக வந்து படிப்பவருக்கு அவர் யாரென்று தெரியாதே என்ற நினைப்பு. இணையத்தில் ஒவ்வொரு பதிவும் தனியாகப் போய், யார் யார் எழுதியதற்கோ நடுவில் நின்று, வழிப்போக்கரின் கண்ணில் பட வேண்டும். புத்தகத்தில் அவை எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பக்கம் 20இல் சந்தித்த நாத்தனாரைப் பக்கம் 34இல் மறுபடியும் அறிமுகம் செய்தால், வாசகர் நம் ஞாபகசக்தியைச் சந்தேகிப்பார். பத்து அறிமுகங்களை அடித்தோம். நாத்தனார் புத்தகத்தைப் படித்துவிட்டு, எண்ணிப் பார்த்து வாங்குபவர் என்று ஒரே இடத்தில்தான் வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தொடக்க வரிகளும் அப்படித்தான். திரையில் முதல் மூன்று வரிதான் தெரியும், மீதியைப் படிக்க ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தத் தட்டுக்காக நான் எட்டு வருடம் பழகியிருக்கிறேன். ‘அந்தத் தபாலைப் பிரித்தவர் மயங்கி விழுந்தார்.’ ‘இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.’ ‘அன்றோடு நான் கத்தரிக்காய் சாப்பிடுவதை விட்டேன்.’ தனித்தனியாகப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. 43ஐயும் அடுத்தடுத்துப் படித்தால், திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வேர்க்கடலை விற்பதுபோல் இருந்தது. பாதிக்கு மேல் தொடக்க வரிகளை நானே வெட்டினேன். இதற்குப் பெரியவர் எதுவும் சொல்லவில்லை. நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று நான் உடைத்து எழுதுவதை அவர் பத்தியாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். பெரும்பாலும் அது சரிதான். சின்னத் திரைக்காக உடைத்தது தாளில் சீர் பிரிக்கத் தெரியாதவர் எழுதிய கவிதைபோல் தெரிந்தது. ஆனால் தந்தியைப் பற்றிய பதிவிலும் கை வைத்துவிட்டார். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றதை நினைத்து எழுதியது அது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு எண்ணி, அம்மா இறந்த செய்தியைக்கூட நான்கைந்து சொல்லில் அடக்கச் சொன்ன கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். அங்கே ஒவ்வொரு வரியும் தனியாக நிற்க வேண்டும். இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு, “உங்கள் தொழில் அது, எனக்குத் தெரியாது” என்று விட்டுக்கொடுத்தார்.

பெரிய வழக்கு வெள்ளத்தைப் பற்றியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. டிசம்பர் 2 அன்று நான் எழுதியது இவ்வளவுதான்: ‘தண்ணீர் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?’ பெரியவர் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, “இதற்கு ஒரு பக்கமா?” என்றார்.

அதற்குக் கீழே 214 மறுமொழிகள் இருந்தன. ஆல்பேட்டையில் கணுக்கால். கண்டக்காட்டில் முழங்கால். நாணமேட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டோம். உச்சிமேட்டில் யாரிடமாவது பால் பொடி இருக்கிறதா. குண்டு உப்பலவாடியில் என் மாமனார் தனியாக இருக்கிறார், போன் எடுக்கவில்லை. அதற்கு இருபது நிமிடம் கழித்து யாரோ முன்பின் தெரியாதவர்: பார்த்தேன், மொட்டை மாடியில் இருக்கிறார், டீ கொடுத்தோம். அந்தப் பதிவில் நான் எழுதியது வெறும் கதவு. வீடு முழுக்க மற்றவர்கள் கட்டியது. கதவை மட்டும் கழற்றிப் புத்தகத்தில் மாட்டினால் அவர் கேட்டதுபோலத்தான் கேட்பார்கள்.

கைப்பேசியில் அதைப் பெரியவருக்குக் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் படித்தார். பிறகு இரண்டு கேள்வி. அடுத்தவர் எழுதியதை அவரைக் கேட்காமல் அச்சிடலாமா? கூடாது; இரண்டு வரி என்றாலும் அவரவர் எழுத்து அவரவருக்குச் சொந்தம். எனவே ஒருவர் ஒருவராகக் கேட்டேன். 31 பேர் சம்மதித்தார்கள். இரண்டாவது கேள்வி, எப்படிக் கோப்பது? பெயர்களை எடுத்துவிட்டு, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் ஊரும் செய்தியும் என்று அவரே கோடு போட்டுக் காட்டினார். நான்கு பக்கம் வந்தது. புத்தகத்தைப் பற்றி என்னிடம் பேசிய பெரும்பாலோர் அந்த நான்கு பக்கத்தைத்தான் சொல்கிறார்கள். நான் அதில் எழுதியது இரண்டு வாக்கியம்.

இனி 61ஆம் பக்கம். குண்டு உப்பலவாடி என்ற பெயர் எப்படி வந்தது என்று எழுதியிருந்தேன். தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அதில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். இணையத்தில் இதை முதலில் எழுதியபோது ‘டச்சுக்காரர்களிடமிருந்து’ என்று தவறாகப் போட்டேன். எட்டாவது நிமிடம் ஒருவர் திருத்தினார். நானும் மாற்றினேன், யாருக்கும் எதுவும் தெரியாது. புத்தகத்தில், மூன்றாம் மெய்ப்பும் முடிந்த பிறகு, பையன் ஏதோ ஒரு வரியை நகர்த்தியபோது 1690 என்பது 1960 ஆகிவிட்டது. நூறு பிரதியிலும். 1960இல் ஆங்கிலேயர் கோட்டை வாங்கினார்களா என்று எதிர்வீட்டு மாணவி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. கடையில் கேட்டால், அந்த ஃபாரத்தை மறுபடி அச்சிட முடியாது, ஒட்டுச் சீட்டு அடித்துத் தருகிறோம் என்றார்கள். தந்தார்கள். ஒட்டியது நான். முப்பத்தொரு வருடம் தபால்தலை ஒட்டிய கை என்பதால் நேராக வந்திருக்கிறது; கோணலாக இருக்கும் பிரதி கிடைத்தால் அது என் பேரன் ஒட்டியது. அந்தக் காலத்தில் புத்தகங்களின் பின்னால் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அது எவ்வளவு நாணயமான பக்கம் என்று இப்போதுதான் தெரிகிறது.

கடை சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் பெரியவரே சொன்னார். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பாளர் நான்தான். நான்கு பொட்டலம் கட்டி, முகவரி எழுதி, கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று வரிசையில் அனுப்பினேன்.

மீதிப் பிரதிகளை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஏறக்குறைய இருபது கிலோ. எட்டு வருடம் கைப்பேசியில் எடையே இல்லாமல் கிடந்ததற்கு நடத்துநர் சுமை டிக்கெட் கிழித்தார். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் காவலர் பெட்டியைத் தட்டி, என்ன என்றார். புத்தகம் என்றேன். புதுச்சேரியிலிருந்து பெட்டியில் புத்தகம் வருவதை அவர் நம்பவில்லை. திறந்து பார்த்து, ஒன்றைப் புரட்டி, நாத்தனார் வரும் பக்கத்தில் சிரித்துவிட்டு மூடினார். பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்த பிறகு அங்கிருந்து வெளியான ‘இந்தியா’ இதழை, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்ததால்தான் 1910இல் அது நின்றுபோனது. என் பெட்டி இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டது.

திருத்திய பதிப்பாக இன்னும் ஐம்பது பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன், அதே கடையில். போகிறவர்களுக்கு: எழுதியதை யூனிகோடிலேயே கொடுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் எதையும் அடிக்காதீர்கள். கடைசி மெய்ப்புக்குப் பிறகு ஒரு வரியையும் நகர்த்தக் கூடாது என்று பையனிடம் எழுதி வாங்குங்கள். மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும். பெரியவர் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரைதான் வருகிறார், வியாழக்கிழமை வருவதில்லை. படியில் விளக்கு இல்லை, பார்த்து ஏறுங்கள்.