மகரந்தம் சேமிக்கத் திருகுமூடிக் குப்பிகள்: ஒரு மதிப்பீடு

பூச்சியுண்ணும் தாவரங்களில் நெப்பந்தஸ் என்னும் குடுவைச் செடி வளர்ப்பவர்களுக்கு, ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதாலும் இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பது அரிது என்பதாலும், விதை பெற மகரந்தத்தை ஃப்ரீசரில் சேமித்து வைப்பதைத் தவிர பெரும்பாலும் வேறு வழியில்லை. அதற்கு நான் பயன்படுத்திவருபவை, ஆய்வகங்களுக்கென விற்கப்படும் 2 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் திருகுமூடிக் குப்பிகள்.

இவற்றின் சிறப்பெல்லாம், ஈரம் உள்ளே புகாமல் தடுக்கும், மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையத்தில்தான் உள்ளது. குளிர் மட்டும் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள்; ஆனால் ஈரத்தோடு உறையும் மகரந்தத்தின் செல்களைப் பனிப்படிகங்கள் சிதைத்துவிடும், உறையாமல் ஈரமாகவே கிடந்தாலோ பூஞ்சை பிடித்துவிடும். அழுத்தி மூடும் குப்பிகள் சிலவற்றில் குளிரில் மூடி தளர்ந்து, உள்ளே இட்டிருந்த ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை உறிஞ்சிப் பச்சையாகிவிட்டன. திருகுமூடிக் குப்பிகளில் அவ்வாறு நேரவில்லை. (நீல மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருப்பதால் அவற்றை நான் வாங்குவதில்லை.)

குறையும் உண்டு. நிலைமின்சாரத்தால் மகரந்தத்தூள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தூரிகையால் வழித்தாலும் முழுவதும் வருவதில்லை. ஆகவே, உலர்த்திய மகரந்தத்தைச் சிறு வெண்ணெய்த்தாள் மடிப்பில் பொதிந்து, மணிகளுக்கும் அதற்கும் இடையே பஞ்சு வைத்து மூடுகிறேன். இனப்பெயரும் தேதியும் எழுதப் பக்கவாட்டில் உள்ள வெள்ளைப் பட்டை சிறியதே என்றாலும், பென்சில் எழுத்து அதில் அழியாமல் நிற்கிறது.

குப்பியின் சிறிய அளவை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு மகரந்தச் சேர்க்கைக்கு ஒரு குப்பி என்று பிரித்து வைத்தால், மீதியை மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைக்க வேண்டியதில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பநிலைக்கு வரும்வரை அதைத் திறக்கவே கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த மகரந்தத்தின் மேல் படிந்து, அதுவரை காத்த உலர்வு வீணாகிவிடும்.

முந்திப் பூக்கும் சாரசீனியா ஃபிளாவா என்ற மற்றொரு குடுவைச் செடியைப் பிந்திப் பூக்கும் சாரசீனியா இனங்களோடு கலப்பினம் செய்ய விரும்புவோருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் ட்ரோசெரா கேப்பென்சிஸ் (பூச்சியுண்ணும் பனித்துளிச் செடி வகை) போன்றவற்றுக்கு இது தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்திய குப்பியை ஆல்கஹாலால் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் எஞ்சிய ஆல்கஹால் மகரந்தத்தைக் கொன்றுவிடும் என்பதால், ரப்பர் வளையத்தின் அடிப்பகுதியும் முற்றிலும் உலர்ந்த பிறகே நிரப்ப வேண்டும்.