திருமணக் கேக்கில் புதுமலர் அலங்காரம்: ஒரு சேவை அனுபவம்

எங்கள் மகளின் திருமணத்திற்கு மூன்றடுக்குக் கேக்கைப் புதுமலர்களால் அலங்கரித்துத் தந்தவர்களின் கவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ரோஜாக் காம்புகளை நேராகக் கேக்கில் குத்தாமல், ஒவ்வொன்றையும் டேப்பால் இறுகச் சுற்றி, சிறு குழாயில் செருகிப் பொருத்தியதை அருகில் நின்று பார்த்தேன். காம்பின் சாறு கேக்கில் இறங்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. பார்வைக்கு அழகான ஹைட்ரேஞ்சியா என்னும் கொத்துப்பூவை நான் கேட்டபோது, அரளியைப் போல அதுவும் நச்சுத்தன்மை உடையது என்று விளக்கி மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். பூச்சிமருந்து தெளிக்காமல் வளர்த்த பூக்களையே கொண்டுவந்தார்கள்.

குறை ஒன்றுண்டு. விருந்துக்கு 4 மணி நேரம் முன்பே பூக்களைப் பொருத்திவிட்டதால், கேக் வெட்டும் வேளையில் மேலடுக்கு இதழ்களின் ஓரம் பழுத்துச் சுருண்டிருந்தது. வெட்டுவதற்கு முன் பூக்களையும் குழாய்களையும் எண்ணி எடுத்துவிட்டே கத்தியைக் கையில் தந்தார்கள்.