அக்கம்பக்கத்தை எழுப்பாமல் ஆம்ப் சத்தம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

மார்ஷல் சூப்பர் லீட் மாதிரியான 100 வாட் ட்யூப் (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்பின் அசல் குரல், வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பிய பிறகுதான் வெளியே வரும். அந்த நிலையில் அதே மாடியில் யாராலும் தூங்க முடியாது. சிக்கல் பழசுதான். பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1980 வாக்கிலேயே பவர் சோக் என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். 1982இல் ஹெட்ஃபோனில் வாசிப்பதற்கென்றே ராக்மேன் வந்தது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகள். ஒன்று, நிஜ ஆம்பை அலறவிட்டு நடுவிலேயே சத்தத்தை விழுங்குவது. மற்றது, ஆம்பே இல்லாமல் அதன் குரலை உண்டாக்குவது.

நண்பர்கள் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: "5 வாட் ட்யூப் ஆம்ப் வாங்கு, வீட்டுக்குப் போதும்." முதலில் இதைத் தள்ளிவிடலாம். செலெஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும். 5 வாட் என்றால் 107. 100 வாட் என்றால் 120. வாட்டை இருபதில் ஒரு பங்காக வெட்டியும் 13 டெசிபல்தான் குறைகிறது. காதுக்கு அது பாதிச் சத்தத்தைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரர் வாட் கணக்கெல்லாம் பார்த்துக் கதவைத் தட்டுவதில்லை.

அட்டென்யூவேட்டருக்கும் இதே கணக்குதான். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்து சக்தியைச் சூடாக மாற்றும் பெட்டி இது. 20 டெசிபல் குறைத்தால் 100 வாட் 1 வாட் ஆகும், அதாவது இன்னும் 100 டெசிபல். டிவி சத்தத்துக்கு இறக்க 40 டெசிபலாவது வெட்ட வேண்டும். அவ்வளவு வெட்டினால் தொனி சப்பென்று ஆகிவிடும். பழியைப் பெட்டி மேல் போடுகிறோம். பாதிக் காரணம் நம் காது. சத்தம் குறையும்போது அடிச்சுருதியும் உச்சச்சுருதியும் காதுக்கு மங்கிப்போகும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். மீதிப் பாதி, ஸ்பீக்கர் கோன் உழைக்காமல் சும்மா இருப்பது. அதனால் ஒத்திகை அறையில் 6 முதல் 10 டெசிபல் குறைக்க அட்டென்யூவேட்டர் அருமையான சாதனம். நள்ளிரவுப் படுக்கையறைக்கு அல்ல.

நல்ல ட்யூப் ஆம்ப் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ரியாக்டிவ் லோட் பாக்ஸ். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொண்டு, சிக்னலை மட்டும் ஹெட்ஃபோனுக்கோ கணினிக்கோ தரும் பெட்டி அது. 8 ஓம் (மின்தடை அளவு) என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓம் காட்டுவதில்லை. கீழே ஒரு இடத்தில் மேடு போல எழும்பும், உச்சத்திலும் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆம்ப் பதில் சொல்வதைத்தான் நாம் விரலில் 'ஃபீல்' என்கிறோம். வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவுப் பெட்டியில் அது கிடைக்காது. டூ நோட்ஸ் கேப்டர் போன்ற ரியாக்டிவ் பெட்டிகளில் பெருமளவு கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரோ லோடோ மாட்டாமல் ட்யூப் ஆம்பை வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். ஓம் பொருத்தம் பார்த்து வாங்குங்கள்.

லோட் பாக்ஸிலிருந்து வரும் சிக்னலை அப்படியே கேட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்த வேலையை இப்போது ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு செய்ய வேண்டும். ஒரு கேபினட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) அதன் முன் வைத்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்ற பதிவு அது. ஆம்பை மாற்றுவதைவிட ஐ.ஆரை மாற்றுவதுதான் பல நேரம் பெரிய வித்தியாசம் தரும். "என் ப்ளக்இன் (ஆம்ப் குரல் தரும் கணினி மென்பொருள்) சரியில்லை" என்பவர்களில் பலருக்குப் புது ப்ளக்இன் தேவையில்லை, வேறு ஐ.ஆர். போதும்.

ஆம்பே இல்லாதவர்கள் லோட் பாக்ஸ் பக்கம் போக வேண்டாம். 1998இல் வந்த லைன் 6 பாட் என்ற டிஜிட்டல் ஆம்ப் பெட்டியின் காலத்தில் டிஜிட்டல் என்றாலே கேலி. பிறகு கெம்பர் என்ற கருவி ஒரு நிஜ ஆம்பைப் 'படம் பிடித்து' வைத்துக்கொள்ளும் வழியைக் காட்டியது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் அதே வேலையை நரம்புப் பின்னல் (நியூரல் நெட்வொர்க்) மூலம் இலவசமாகச் செய்கிறது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கணினி இருந்தால் ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இதுவும் போதும். என் ஓட்டு இதற்குத்தான். குறையும் உண்டு. பெரும்பாலான பதிவுகள் ஆம்பின் குமிழ்கள் ஒரே நிலையில் இருக்கும்போது எடுத்தவை. கெயினை (கரகரப்பின் அளவை) கொஞ்சம் ஏற்ற வேண்டுமென்றால் வேறு பதிவைத் தேட வேண்டும். குமிழ் திருகித் திருகித் தொனி தேடுபவருக்கு ஆம்பின் குமிழ்களையும் சேர்த்துப் போலச்செய்யும் ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்ற மாடலர் சரி, விலை கூட என்றாலும்.

கம்பியைத் தட்டியதும் கணினி வழியாக ஒலி காதுக்கு வரும் தாமதம் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித்துண்டு) என்றால் 2.7 மில்லிசெகண்ட், போக வர சுமார் 5, ட்ரைவர் மேலும் கொஞ்சம் சேர்க்கும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், ஆம்ப் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸோடு வரும் ஏசியோ ட்ரைவரை (தாமதம் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் மறந்துவிடுங்கள், அதில் தாளமே நிற்காது.

கணினியைத் திறக்கவே அலுப்பா? யமஹா டிஎச்ஆர், அல்லது 0.5 வாட்டுக்கு இறங்கும் பாஸ் கட்டானா 50 போன்ற ட்யூப் இல்லாத ஆம்ப் வாங்குங்கள். ஸ்விட்சைப் போட்டால் வாசிக்கலாம். தொனி முதல் தரம் இல்லை. ஆனால் தினமும் கிட்டாரைக் கையில் எடுப்பீர்கள்.

எந்த வழியிலும் கிடைக்காத ஒன்று உண்டு. பெரிய ஸ்பீக்கர் தள்ளும் காற்று கிட்டார் கம்பியையே அதிர வைத்து ஒரு சுரத்தை நீட்டிக்கொண்டே போகும் அந்த ஃபீட்பேக் ஹெட்ஃபோனில் வராது. அதைப் போலியாகச் செய்யும் பெடல்கள் இருக்கின்றன, எனக்குத் திருப்தியில்லை. அதற்காக வீட்டுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிப்பதைவிட, எப்போதாவது இரண்டு மணி நேரம் ஒத்திகை ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துவிடலாம். காதில் அடைப்பான் மட்டும் கட்டாயம்.