வெள்ளைக்கல் மேட்டுக்குக் காயர் வலை: வாங்கலாம், மண் போட்ட பிறகு

தோண்டி முடித்த நிலத்தில் புல் வளர்ப்பதைச் சுரங்க அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சேலம் கருப்பூர், செட்டிச்சாவடி வட்டாரத்து மேக்னசைட் (வெள்ளைக்கல்) கழிவு மேடுகளுக்கு இதற்குத் தோதான பொருள் காயர் வலைதான், அதாவது தென்னை நாரில் பின்னிய வலை. ஆனால் வெறும் வெள்ளைக்கல் கழிவின் மேல் விரித்தால் பணம் தண்டம்.

கடையில் பெரும்பாலும் கிடைப்பது சதுர மீட்டருக்கு 400 கிராம், 700 கிராம் ரகங்கள். சரிவுக்கு 700 தான். 400-இல் கண் பெரிது, மழைத்துளி நேராக மண்ணை அடிக்கும். வாங்கும்போது எடையில் ஏமாறாதீர்கள். நார் ஈரம் குடிக்கும். ஒரு சதுர மீட்டர் வெட்டி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து நிறுங்கள். 600-க்குக் கீழே இறங்கினால் சுருளைத் திருப்பிவிடுங்கள். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளச் சுருள் என்றால் ஏக்கருக்குச் சுமார் 46 ஆகும், மடிப்பு சேர்த்து.

வலைக்கு முன் மண். 30 செ.மீ. மேல்மண் பரப்ப ஏக்கருக்கு ஏறத்தாழ 430 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும். பட்ஜெட்டில் துண்டு விழுவது இங்கேதான். 15 செ.மீ.யோடு நிறுத்தினால் புல் மட்டும் நிற்கும், மரம் வேண்டுமென்றால் குழியிலாவது நல்ல மண் போட வேண்டும். இந்தக் கழிவில் மக்னீசியம் மிதமிஞ்சிக் கிடப்பதால் வேர் கால்சியத்துக்குத் தவிக்கும். மண் பரிசோதனையில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, அதன்படி ஜிப்சம் போடுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், மண் ஏற்கெனவே காரம். மக்னீசியமும் சேர்ந்த டோலமைட்டைப் போடுவதோ எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது.

கொழுக்கட்டைப் புல், கொழுஞ்சி விதைகளைத் தூவி, ஆடி கடைசிக்குள் வலையை விரித்துவிட வேண்டும். மேட்டு விளிம்பில் 30 செ.மீ. ஆழ வாய்க்கால் வெட்டி, வலையின் தலைப்பை உள்ளே வைத்து மண் மூடுங்கள். மேலிருந்து கீழே உருட்டுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்தால் பள்ளங்களில் வலை அந்தரத்தில் நிற்கும். அடியில் தண்ணீர் ஓடி ஓடை விழும், முளைத்த புல்லும் காய்ந்துபோகும். வலையில் புல் பிடிக்காமல் போவதற்குப் பல இடங்களில் காரணம் இதுதான், சரக்கு அல்ல. பக்கத்துக்கு 15 செ.மீ. மடிப்பு, மீட்டருக்கு ஒரு கம்பிக் கொக்கி.

வலை இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்தாக வேண்டும்.

ஏற்காட்டில் பாக்சைட் எடுத்த சரிவுகளுக்கு இதே கணக்கு ஒத்துவராது. அங்கே மண் புளிப்பு, ஈரத்தில் நாரும் சீக்கிரம் மக்கும். 900 கிராம் ரகத்தைக் கேளுங்கள்; ஜிப்சத்துக்குப் பதில் ராக் பாஸ்பேட்டும் தொழு உரமும்.