சாம்சங் 870 ஈவோவும் குளோன்ஸில்லாவும்: ஒன்பது வருட ஹார்டு டிஸ்க்கை மாற்றிய அனுபவம்

திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, உள்ளூர்ப் புலவர்களின் சிறு நூல்கள் ஆகியவற்றுக்கு வீட்டிலிருந்தே டிடிபி, அதாவது கணினியில் பக்க வடிவமைப்பு, செய்து தருவது என் தொழில். 2014இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றில்தான் ஒன்பது ஆண்டுகளாக எல்லா வேலையும் நடந்து வந்தது. அதில் இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கடைசி ஓராண்டில், பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காபி கலந்து எடுத்து வந்து உட்கார்ந்த பிறகும் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் திறப்பதற்குள் வாடிக்கையாளர் கைபேசியில் இரண்டு அழைப்புகளை முடித்துவிடுவார்.

மெதுவாக இருப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்த என்னை டிஸ்க் மாற்றும் முடிவுக்குத் தள்ளியது வேறொன்று. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒருநாள் ஓட்டிப் பார்த்தபோது, வழக்கமான நீல நிறத்துக்குப் பதிலாக மஞ்சள் நிறம் வந்தது. 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியில் 8 என்ற எண் நின்றது. படிக்க முயன்று தோற்றுப்போய், மாற்று இடம் ஒதுக்குவதா வேண்டாமா என்று டிஸ்க் இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருக்கும் இடங்களின் கணக்கு அது. எட்டு என்பது கேட்பதற்குச் சிறியதுதான் என்றாலும், பூஜ்யமாக இருக்க வேண்டிய எண் எட்டாகிவிட்டால் அது எட்டோடு நிற்கும் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கில்லை.

புதிதாக வாங்கியது சாம்சங் 870 ஈவோ, 500 ஜிபி. சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்க் இது. மெல்லிய பட்டை வடிவிலான எம்.2 வகை டிஸ்க்குக்கு என் கணினியில் இடம் கிடையாது, ஆகவே பழைய டிஸ்க்கின் இடத்திலேயே பொருந்தும் 2.5 அங்குல சாட்டா வகையைத் தவிர வேறு வழியில்லை. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன். ஐந்தாண்டு உத்தரவாதம் அல்லது 300 டெராபைட் எழுதி முடிக்கும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை என்பது நிறுவனத்தின் கணக்கு. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 300 டெராபைட்டைத் தொட நாற்பது ஆண்டுகள் ஆகும் என்பதால், என்னைப் போன்றவர்கள் இரண்டாவது எல்லையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டிக்குள் டிஸ்க்கும் சிறு கையேடும் தவிர வேறில்லை. கேபிள், ஸ்க்ரூ எல்லாம் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

கொள்ளளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கியபோது கடைகளில் 480 ஜிபி டிஸ்க்குகள் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தன. இருபது ஜிபியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் மென்பொருள்கள் பலவும், புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கின்றன. பழையதில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும், 480 ஜிபி என்றவுடன் அவை மறுத்துவிடும். முதலில் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை, சுருக்கிவிட்டு வர வேண்டும். நோயாளி டிஸ்க்கில் அத்தகைய அறுவைச் சிகிச்சை செய்வது எனக்கு உவப்பானதன்று. 500க்கு 500 என்று வாங்கியதில் அந்தத் தொல்லை எழவில்லை.

இந்த மதிப்புரையில் டிஸ்க்கைவிட, பழைய தகவல்களை மாற்றிய விதத்தைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். எந்த நல்ல நிறுவனத்தின் டிஸ்க்கைப் போட்டாலும் வேகம் வந்துவிடும். உள்ளே இருந்தவை முழுமையாக வந்து சேர்ந்தனவா என்பதில்தான் பணம் கொடுத்ததன் பலன் இருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவையொட்டிய நரசிங்கபுரம் தெருவில் ஒரு சிறிய கடையில் முதலில் விசாரித்தேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, 'டேட்டா' முழுவதையும் மாற்றித்தர எண்ணூறு ரூபாய் என்றார்கள். டேட்டா என்றால் எதெல்லாம் என்று கேட்டதற்கு, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், மற்ற டிரைவ்களில் இருப்பவை என்று பதில் வந்தது. "எழுத்துரு எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள்ளே இருக்குமே தம்பி, அது வருமா?" என்று கேட்டேன். "ஃபான்ட்தானே சார், நெட்ல கிடைக்கும், போட்டுக்கலாம்" என்றார் அந்த இளைஞர். அவர் மீது குற்றமில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது.

எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முந்தைய முறையில் அமைந்த எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கோப்புகள் என்னிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்து என்பது திரைத் தோற்றம் மட்டுமே. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். பாமினியில் அடித்த 'திருமணம்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, பி, யூ, கே, இசட், கே என்று வரிசையாக வந்து ஓர் அரைப்புள்ளியில் முடியும். அதையே வானவில் எழுத்துருவில் திறந்தால் வேறு வகைக் குப்பை. இணையத்தில் ஒரே பெயரில் கிடைக்கும் எழுத்துருக்களிலும் ஒன்றிரண்டு எழுத்துகள் இடம் மாறியிருப்பதுண்டு. மாறியிருப்பது 'ஸ்ரீ'யாக இருந்து, அது அழைப்பிதழின் உச்சியில் தவறாக அச்சாகிவிட்டால் பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? போதாக்குறைக்கு, நான் பயன்படுத்தும் தட்டச்சு மென்பொருளை நிறுவும் குறுந்தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. ஆகவே விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, கோப்பு என்று இருப்பதையெல்லாம் இருந்தபடியே மாற்றுவது, அதாவது குளோன் செய்வது, ஒன்றுதான் எனக்கு ஒத்துவந்தது.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தது குளோன்ஸில்லா. தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான, கட்டணமில்லாத, மூலநிரல் திறந்த மென்பொருள் இது. பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்க வேண்டும். விண்டோஸ் ஓடாத நேரத்தில் நகலெடுப்பதால், பாதியில் ஏதோவொரு கோப்பு மாறிவிட்டது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. பார்ட்டிஷனில் நிரம்பிய பகுதிகளை மட்டுமே அது படிப்பதால், 500 ஜிபியையும் துருவாமல் என்னுடைய 310 ஜிபியோடு வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு முன் செய்தாக வேண்டிய சில வேலைகள் உண்டு. அழைப்பிதழ்க் கோப்புகளையும் எழுத்துருக்களின் கோப்புறையையும் முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் சாதாரணமாக நகலெடுத்து வைத்தேன். குளோன் செய்யும் நீண்ட ஓட்டத்தில் பழைய டிஸ்க் உயிரை விட்டாலும் பிழைப்பு நடக்க வேண்டுமல்லவா? அடுத்து, விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நீக்கி, கணினியை முழுமையாக அணைத்தேன். அந்த வசதி இயங்கும்போது விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது; அந்த நிலையில் இருக்கும் பார்ட்டிஷனைக் குளோன்ஸில்லா தொட மறுத்துவிடும். டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

குளோன்ஸில்லாவின் திரை தொண்ணூறுகளை நினைவுபடுத்தும். சுட்டிக்கு வேலையில்லை, அம்புக்குறி விசைகள், இடைவெளி விசை, எண்டர், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அடுக்கடுக்காகக் கேள்விகள் வரும். அவற்றில் மிகவும் ஆபத்தானது, எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்ற கேள்வி. தலைகீழாகக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கின் நகல் பழைய டிஸ்க்கில் ஏறி, ஒன்பதாண்டு உழைப்பும் போய்விடும். நான் பெருமையாக 500க்கு 500 என்று வாங்கியதன் மறுபக்கம் அங்கேதான் தெரிந்தது: கொள்ளளவை வைத்து எது பழையது, எது புதியது என்று அடையாளம் காண முடியவில்லை. போதாததற்கு, யூஎஸ்பி கேபிள் வழியாக இணைத்த புதிய டிஸ்க் தன் சொந்தப் பெயரைக் காட்டாமல் கேபிளில் உள்ள சில்லின் பெயரைக் காட்டியது. பழைய டிஸ்க்கின் மாடல் எண்ணை முந்தைய நாளே ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். உறுதியா என்று குளோன்ஸில்லா ஒன்றுக்கு இரண்டு முறை கேட்கிறது. இரண்டு முறையும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் விசையைத் தொட்டேன்.

முதல் முயற்சி தோற்றது. நடைபாதைக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய பெயரில்லாத சாட்டா - யூஎஸ்பி கேபிள் பத்து நிமிடத்துக்கொருமுறை தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தது. இருமடங்கு விலையில் வேறொன்று வாங்கி வந்த பிறகு சரியானது. நாலாயிரம் ரூபாய் டிஸ்க்குக்கு முந்நூறு ரூபாய்க் கேபிள் வாங்கிய சிக்கனம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

இரண்டாவது முயற்சியில் வேறு தடங்கல். 62 விழுக்காட்டில், படிக்க முடியாத இடத்தில் மோதி ஓட்டம் நின்றுவிட்டது. குளோன்ஸில்லா இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்ளும். வல்லுநர் முறையில் போய் 'ரெஸ்க்யூ' என்ற விருப்பத்தைத் தேர்ந்தால், கெட்ட இடங்களைத் தாண்டி மேலே செல்லும். மூன்றாவது முறை அதைக் கொடுத்தேன். அதே 62இல் இருபது நிமிடம் நின்று, உள்ளே 'டக்... டக்' என்று டிஸ்க்கின் படிக்கும் தலை அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது; பிறகு நகர்ந்தது. மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். பெண்டிங் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போயிருக்கும் டிஸ்க்குகளுக்கு இந்த வழி ஏற்றதன்று. அங்கே ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவிதான் பொருத்தம். நல்ல இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டவற்றைக் கடைசியில் திரும்ப முயலும், எதுவரை வந்தது என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கைப் பொருத்துவது பதினைந்து நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றி, அடிமூடியின் ஸ்க்ரூக்களை நீக்கி, பழைய டிஸ்க்கைத் தாங்கியிருந்த தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர். சட்டம் பிடித்துக்கொள்வதால் ஆடவில்லை. பழைய டிஸ்க்கைக் கேபிளில் மாட்டியபடியே முதல் முறை இயக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை முடக்கிவிடும்.

பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை செய்யத் தயாரான திரை வரும் வரை முன்பு நான்கு நிமிடத்துக்கு மேல். இப்போது 22 வினாடி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வினாடிக்கு 560 எம்பி என்ற வேகம் இதற்குக் காரணமன்று. 5400 சுழற்சி டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி ஆகிறது; தேடும் தகவல் துணுக்கு தலைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், தலை நகரும் நேரம் தனி. நொடிக்கு நூறு துணுக்குகளைக்கூட அதனால் எட்ட முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு நொடிக்குப் பல்லாயிரம் துணுக்குகள் எளிது. விண்டோஸும் எழுத்துருப் பட்டியலும் அப்படிப்பட்ட துணுக்குகளின் குவியல்தான். என் கணினியில் உள்ள அறுநூற்றுச் சொச்சம் எழுத்துருக்களோடு பேஜ்மேக்கர் ஆறு வினாடியில் திறக்கிறது. அதே சமயம் 4 ஜிபி நினைவகமும் பழைய பிராசசரும் அப்படியேதான் இருக்கின்றன. பல வண்ணப் பத்திரிகையைப் பிடிஎஃப் ஆக்க முன்பு எத்தனை நேரம் ஆயிற்றோ, ஏறத்தாழ அத்தனை நேரம்தான் இப்போதும் ஆகிறது.

தகவல்கள் வந்து சேர்ந்தனவா? எழுத்துருக்கள் எல்லாம் இருக்கின்றன. தட்டச்சு மென்பொருள் எதையும் கேட்காமல் இயங்கியது. 2014இல் செய்த முதல் அழைப்பிதழைத் திறந்தேன். 'ஸ்ரீ' தன் இடத்தில் இருந்தது. விண்டோஸின் உரிமமும் போகவில்லை. புதிய டிஸ்க்கில் பிழைச் சோதனையை ஓட்டிவிட்டுப் படக் கோப்புகளைப் புரட்டியபோதுதான் ஒன்று அகப்பட்டது. 2017இல் ஒரு வளைகாப்பு அழைப்பிதழுக்காக வந்த புகைப்படத்தில் பெண்ணின் முகம் வரை தெளிவாக இருக்க, கழுத்துக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறப் பட்டை. அந்த 62 விழுக்காட்டு இடம் அதுதான் போலும்.

பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் இருநூறு ரூபாய் கழித்துக்கொள்வதாக வேறொரு கடையில் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் முகவரியும் படமும் அதில் இருக்கின்றன, கொடுக்கவில்லை. தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து, அந்தப் புகைப்படத்தை எடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக மறுபடி கேபிளில் மாட்டினேன். படம் திறக்கவில்லை. எட்டாக இருந்த எண் 24 ஆகியிருந்தது.